புனிதாவின் பழைய நம்பர்

அத்தியாயம் 11

“வைடா போனை!”

போன செவ்வாய்க்கிழமை ரமணியின் காதில் விழுந்த கடைசி வார்த்தை அதுதான். பேசுவது பெண்பிள்ளையாயிற்றே, ‘டா’ போடலாமா என்றெல்லாம் எதிர்முனையில் இருந்த அம்மாள் யோசிக்கவில்லை. “யாருகிட்ட டேக் நம்பர் கேக்குற? பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருபது வருஷமா துணிக்கடை வச்சிருக்கேன். கடையிலேருந்து எட்டிப் பார்த்தா போலீஸ் ஸ்டேஷன் தெரியும். வைடா போனை!” என்று கத்தியதோடு நிற்காமல், ரமணியின் நம்பரை பிளாக்கும் செய்துவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கைப்பேசிக்கு வரும் டேக் நம்பரை, அதாவது அந்த ரகசிய எண்ணை, யாருக்கும் சொல்லாதே என்று பேங்க் சொல்கிறது, ரேடியோ சொல்கிறது, கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போதுகூட மைக்கில் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி போன் போட்டு, “அக்கா, உங்களுக்கு ஒரு நம்பர் வரும், அதை எனக்குச் சொல்றீங்களா?” என்று கேட்டால் எந்த அக்கா சொல்வாள்? ரமணியே சொல்லியிருக்க மாட்டாள்.

ஆனால் இன்று சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்த எண் கிடைக்காவிட்டால் மூத்தாளின் மகள் வாணியின் வீடு போய்விடும்.

வீடு என்றால் செங்கல்லும் சிமென்டும் வைத்துக் கட்டிய வீடில்லை. கியூபிலேண்ட் என்று பிள்ளைகள் டேப்லெட்டில் விளையாடும் விளையாட்டு. சின்னச் சின்னக் கட்டைகளை அடுக்கி வீடு கட்டலாம், செடி வைக்கலாம், நாமே ஒரு பொம்மையாகி உள்ளே நடமாடலாம். வாணிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அவள் அம்மா புனிதா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே தன் கைப்பேசியில் மகளோடு சேர்ந்து கட்டிய வீடு அது. நீலச் சுவர் வைத்த சமையலறை, வாசலில் கறிவேப்பிலைச் செடி, சாமி அறையில் ஒரு விளக்கு. அந்த விளக்கை யாராவது தினமும் ஏற்ற வேண்டும், ஒரு நாள் விட்டாலும் அணைந்துவிடும். விளையாட்டின் விதி அப்படி.

புனிதா அந்தக் கட்டிலைவிட்டு எழுந்து வரவே இல்லை. அவள் போன பிறகு மூன்று வருஷமாக, காய்ச்சலானாலும் பரீட்சையானாலும், வாணி ஒரு நாள் தவறாமல் விளக்கேற்றிவந்தாள்.

போன மாதம் வாணிக்குப் பன்னிரண்டு முடிந்தது. அப்பா கமலநாதன் லீவு போட்டு அழைத்துப்போய் ஐசி, அதாவது அடையாள அட்டை, எடுத்துக் கொடுத்தார். கையில் ஐசி வந்ததும் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் காட்டினாள். அன்று சாயங்காலமே கியூபிலேண்டுக்குள் போய், அம்மா தன் பிறந்த தேதியைப் போட்டு வாணிக்காகத் திறந்திருந்த கணக்கில், ஐசியைப் பார்த்துப் பார்த்துத் தன் சொந்தத் தேதியைப் போட்டாள். ஐசி இருந்தால் பெரிய ஆள்தானே, இனி எதற்கு அம்மாவின் தேதி என்று நினைத்துவிட்டாள்.

ஐசிக்குப் பன்னிரண்டு போதும். விளையாட்டுக் கம்பெனிக்குப் பதின்மூன்று வேண்டுமாம். அடுத்த நிமிஷமே கதவு பூட்டிக்கொண்டது. பெற்றோர் சம்மதம் வேண்டும், சம்மத எண்ணைக் கணக்கில் இருக்கும் அம்மாவின் கைப்பேசிக்குத்தான் அனுப்புவோம், இருபத்தொரு நாளுக்குள் வராவிட்டால் கணக்கை அழித்துவிடுவோம் என்று எழுத்து வந்து நின்றது.

அம்மாவும் இல்லை, அம்மாவின் நம்பரும் இல்லை. பணம் போட்டு ரீலோட் செய்யாமல் காலாவதியான அந்த நம்பரை டெலிபோன் கம்பெனி யாருக்கோ கொடுத்துவிட்டது. கமலநாதன் இறப்புச் சான்றிதழை அனுப்பி முறையிட்டார். முப்பது வேலை நாட்களில் பரிசீலிப்பதாக பதில் வந்தது. இருபத்தொன்றாம் நாள் கழுத்தை வெட்டிவிட்டு முப்பதாம் நாள் மருந்து போட வருகிற மகராசர்கள்!

இதுவரை நமக்கெல்லாம் தெரிந்த கதை. யாருக்கும் தெரியாத ஒன்றை ரமணி ஒன்றரை வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்தாள்.

காஜாங்கிலிருந்து கிள்ளானுக்கு இரண்டாம் தாரமாக அவள் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வந்த புதிதில் ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது, கமலநாதனின் சட்டைகளுக்கு அடியில் புனிதாவின் கைப்பேசி இருந்தது. ஏதோ ஒரு ஆர்வத்தில் சார்ஜில் போட்டாள். திரை வெளிச்சமானதும் முதலில் வந்தது ஒரு மெசேஜ்: ‘இன்னும் ஏழு நாளில் இந்த நம்பர் காலாவதியாகும். ரீலோட் செய்யவும்.’ மாதாமாதம் ரீலோட் செய்துவந்த கமலநாதன் கல்யாண அலைச்சலில் மறந்திருக்க வேண்டும். ரமணி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனவளின் நம்பருக்கு இன்னும் எதற்கு உயிர் என்று அன்றைக்கு மனசில் ஒரு பொறாமை. போனை அணைத்து, எடுத்த இடத்திலேயே சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அந்த ஒரு நிமிஷத்துப் புத்தியை நினைத்து இந்த மூன்று வாரமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமையும் பல் கிளினிக்கில் அரை நாள் வேலை. ஒரு மணிக்கு ஓடிவந்தபோது வாணி தீபாவளிக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு, டேப்லெட் பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

“ஐசியை எதுக்கு எடுத்துக்கிட்ட?”

“தேவைப்பட்டாலும் படும் சித்தி.”

அதற்குள் கமலநாதன் அழைத்தார். கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர், நேற்றே ஜொகூருக்குப் போனார்.

“கிளம்பிட்டீங்களா?”

“இப்பத்தாங்க. அந்தம்மா கடையைக் கண்டுபிடிச்சாலும் விரட்டி விட்டுட்டா என்ன பண்றதுன்னு தெரியல.”

“போய்ப் பாரு ரமணி. முடியலன்னா பரவால்லலா. பிள்ளைகிட்ட நான் பேசிக்கிறேன்.”

பரவாயில்லை என்று அவர் சொன்ன குரலில் பரவாயில்லை என்பது துளியும் இல்லை.

கொமூட்டர் ரயிலில் வாணி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.  ஷா ஆலாம் தாண்டியதும் மெல்லச் சொன்னாள்.

“விளக்கு அணைஞ்சு இருபத்தொரு நாள் ஆச்சு சித்தி. வீடு திறந்தாலும் உள்ள இருட்டாத்தான் இருக்கும்.”

“திறந்ததும் நீயே ஏத்திடு கண்ணு.”

“அம்மா போனதிலேருந்து அது அணைஞ்சதே இல்ல.”

ரமணி அவள் தோளில் கை வைக்கப் போனாள். வைக்கவில்லை. எந்த உரிமையில் வைப்பது என்று மடியிலேயே கையைக் கோத்துக்கொண்டாள்.

கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரலில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸுக்குள் நுழையும்போது மூன்று மணி. அந்த போலீஸ் ஸ்டேஷனைத் தவிர கையில் இருந்த தடயம் ஒன்றே ஒன்று. அந்த அம்மாள் பிளாக் செய்வதற்கு முன்பே அவளுடைய வாட்ஸ்அப் படத்தை வாணி ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தாள். சேலை கட்டிய மூன்று பொம்மைகள், பின்னால் பாதி வெட்டுப்பட்ட போர்டில் ‘டெக்ஸ்டைல்ஸ்’ என்ற சொல் மட்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் துணிக்கடைக்கும் பஞ்சமில்லை, வாசலில் நிற்கும் பொம்மைக்கும் பஞ்சமில்லை. நான்கு கடை ஏறி இறங்கினார்கள். ஒரு கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, “எங்க கடை பொம்மை இதைவிட அழகாலா இருக்கும்” என்று கோபித்துக்கொண்டார்.

பூமாலைக் கடைகளைத் தாண்டியதும், கடைவரிசைக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் நாற்காலி போட்டுக் கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாடியில் இருக்கும் மசாஜ் நிலையத்தின் நாகையா அங்கிள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். இவர்களின் செருப்புச் சத்தம் மூன்றாம் முறை கடந்ததும் அவரே கூப்பிட்டார்.

“யாரும்மா அது, சும்மா சுத்திச் சுத்தி வர்றது? என்னத்தத் தேடுறீங்க?”

ரமணி பழக்கதோஷத்தில் போனை நீட்டி, “இந்தக் கடை அங்கிள்...” என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“படம் எனக்கு எதுக்கும்மா? கடைக்காரர் எப்படிப் பேசுவாரு, அதைச் சொல்லு.”

 செவ்வாய்க்கிழமை ஸ்பீக்கரில் கேட்டிருந்த வாணிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியே அந்தக் குரலில் எடுத்துவிட்டாள். “பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருபது வருஷமா துணிக்கடை வச்சிருக்கேன். வைடா போனை!”

நாகையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அட, அது நம்ம முத்து பீவிலா! அடுத்த சந்துல திரும்பி, ரெண்டாவது கடை. எங்கிட்டயே அப்படித்தான் பேசும். ஆனா மாசம் ரெண்டு தரம் பிரியாணி அனுப்பும். பயப்படாம போங்க.”

பயப்படாமல் எங்கே போவது? வாசலிலேயே ரமணி தயங்கி நின்றாள். ஐம்பது வயசிருக்கும், தலையில் முக்காடும் கழுத்தில் அளவு டேப்புமாக முத்து பீவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கம்மா. சுடிதாரா, சேலையா?”

“அக்கா... செவ்வாய்க்கிழமை போன் பண்ணது நான்தான்.”

மடித்த துணி மேசையில் பொத்தென்று விழுந்தது.

“அட, நீதானா அது! கடைக்கே வந்துட்டியா? என்ன தைரியம்!”

“கோவப்படாதீங்க அக்கா. ஒரு அஞ்சு நிமிஷம்...”

“அஞ்சு நிமிஷமா? அரை நிமிஷத்துல என் பொழப்பு போச்சு தெரியுமா? போன வருஷம் ஒருத்தன் பேங்க்லேருந்து பேசுறேன்னான். டேக் நம்பர் சொன்னேன். மெக்காவுக்கு உம்ரா போகச் சேர்த்ததெல்லாம் போச்சு. வெறுத்துப்போய்த்தான் பழைய நம்பரையே தூக்கிப் போட்டுட்டு, ஜனவரியில இந்தப் புது நம்பர் எடுத்தேன். இதுக்கும் வந்துட்டீங்க!”

ரமணி இறப்புச் சான்றிதழின் நகலை நீட்டினாள். முத்து பீவி தொடக்கூட இல்லை. “காகிதத்தை யாரு வேணா அடிக்கலாம். கிளம்பு. பிள்ளையை வேற கூட்டிக்கிட்டு வந்து நிக்கிற, வெக்கமா இல்ல?”

சுவர்க் கடிகாரத்தில் நான்கடிக்கப் பத்து நிமிஷம்.  இனி காலில் விழ வேண்டியதுதான் என்று ரமணி நினைக்கும்போதே வாணி முன்னால் வந்தாள்.

“ஆன்டி, நாங்க திருட வரல. என் பேரு வாணி. எங்கம்மா பேரு புனிதா. இந்த நம்பர் முன்னாடி எங்கம்மாவோடது.”

முத்து பீவியின் கை அந்தரத்தில் நின்றது.

“எந்த வாணி?” குரல் இறங்கிவிட்டது. “ஆறு மல்லிகை வாணியா?”

ரமணியும் வாணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறாம் ஆண்டு மல்லிகை வகுப்பு. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அவள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பது பிரிக்ஃபீல்ட்ஸ் துணிக்கடைக்கு எப்படித் தெரியும்?

“ஐசி வச்சிருக்கியா?”

வாணி பையிலிருந்து ஐசியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அவள் வீட்டைப் பூட்டிய ஐசி அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது. முத்து பீவி மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வாணி, அனாக் பெரெம்புவான் கமலநாதன், அதாவது கமலநாதனின் மகள், என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு தன் கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“உட்காருங்க ரெண்டு பேரும். மொதல்லயே பேரைச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

திரை முழுக்க மெசேஜ். எல்லாம் வாணியின் இந்த வருஷத்து வகுப்பாசிரியர் ராதாகிருஷ்ணன் சார், பழைய ஃபாரத்தில் இருந்த நம்பருக்கு அனுப்பியவை. ‘புனிதா அம்மா, நாளை விளையாட்டுப் போட்டி, வாணிக்கு வெள்ளைக் காலுறை.’ ‘புனிதா அம்மா, வெள்ளிக்கிழமை பல் பரிசோதனை.’ ‘புனிதா அம்மா, வாணி கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு.’

“நம்பர் மாறிடுச்சுன்னு சாருகிட்ட மொதல்லயே எழுதினேன். மாத்துறேன்னாரு, மறந்துட்டாரு. நானும் அப்புறம் விட்டுட்டேன். ரெண்டாம் பரிசுன்னு வந்தப்போ மட்டும் மாஷா அல்லாஹ்ன்னு பதில் போட்டேன்.” முத்து பீவி கொஞ்சம் வெட்கப்பட்டாள். “யாரு இந்தப் புனிதா, பிள்ளையைப் பத்தி இவ்வளவு வருது, நம்பரைக்கூடச் சரிபண்ணாம எங்க கிடக்கான்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கணும்.”

இன்னும் மேலே போனாள். மார்ச் மாதத்து மெசேஜ் ஒன்று.

“இதைப் பாரு. ‘வாணிக்குக் கடும் காய்ச்சல், உடனே வந்து அழைத்துச் செல்லவும்.’ காலைல பத்தரைக்கு வந்துச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சாருக்கு அடிச்சேன், எடுக்கல. மெசேஜ்ல இருந்த ஸ்கூல் பேரைத் தேடி, நம்பரைக் கண்டுபிடிச்சு, ஆபிசுக்கே அடிச்சு, ‘நான் அவ அம்மா இல்ல, அந்தப் பிள்ளையைக் கூட்டிப்போக வேற ஆளைப் பாருங்க’ன்னு கத்தினேன்.”

ரமணி அந்த மெசேஜின் தேதியைப் பார்த்தாள்.

அந்த நாளை அவள் மறப்பாளா? பள்ளி ஆபிசில் பழைய ஃபாரங்களைக் கிளறி, கமலநாதனைப் பிடித்து, அவர் சொல்லி இவள் கிளினிக்கிலிருந்து ஓடினாள். டெங்கிக் காய்ச்சல். ‘இன்னும் அரை நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ’ என்று டாக்டர் சொன்னார். யாரோ ஒரு அம்மாள் போன் போட்டுச் சத்தம் போட்டார்கள், அதனால்தான் தேடினோம் என்று பள்ளி ஆபிசில் சொன்னபோது, முகம் தெரியாத அந்த மகராசிக்காக ரமணி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கைகூப்பினாள். நான்கு நாள் ரத்த அணுக்கள் ஏறும்வரை கைகூப்பிக்கொண்டே இருந்தாள்.

“நீங்கதானா அக்கா அது?” முத்து பீவியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “என் பிள்ளை இன்னைக்கு நிக்கிறான்னா உங்களாலதான். ஏழு மாசமா உங்களை நினைச்சுக்கிட்டே இருக்கேன். பேரு தெரியாம, ஊரு தெரியாம...”

“ஏய், விடும்மா. ஒரு போன் பண்ணேன், அவ்வளவுதானே.” முத்து பீவி முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அதெல்லாம் இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தப் பிள்ளை புனிதா நம்பர் எப்படிக் கைமாறி எனக்கு வந்துச்சு? உன் வீட்டுக்காரரு ரீலோட் பண்ணாம விட்டுட்டாரா?”

ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. ஆண்பிள்ளைகள் மறப்பது உலக வழக்கம், யாரும் தோண்டிக் கேட்கப்போவதில்லை. வாணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்திருந்த கை இன்னும் சூடாக இருந்தது. இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல ரமணிக்கு நாக்கு எழவில்லை.

“அவர் இல்ல அக்கா. நான்தான்.” வாணியைப் பார்க்காமலே சொன்னாள். “நம்பர் செத்துப்போகப் போகுதுன்னு மெசேஜ் வந்துச்சு. நான் பார்த்தேன். அவர்கிட்டச் சொல்லல. பொறாமை. வேற ஒண்ணும் இல்ல, வெறும் பொறாமை. ஸ்கூல் ஃபாரத்துல என் நம்பரை எழுதவும் தைரியம் வரல, நான் யாரு எழுதன்னு விட்டுட்டேன். ரெண்டும் என் தப்பு. வாணி, உங்கம்மா வீடு போனா அது என்னாலதான்.”

 வாணி ஐசியைத் திரும்ப வாங்கி, பையின் உள் ஜிப்பில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

முத்து பீவிதான் எழுந்தாள். “மணி நாலே கால். அழுதுக்கிட்டு நின்னா கடிகாரம் நிக்குமா? எடு அந்த டேப்லெட்டை.”

வாணி ‘எண்ணை அனுப்பு’ என்ற பொத்தானைத் தொட்டாள். மூன்று முறைதான் அனுப்புவார்களாம், ஒவ்வொன்றும் இரண்டே நிமிஷம்தான் செல்லுமாம். முத்து பீவியின் கைப்பேசி கிணுகிணுத்தது.

“வந்துருச்சு அக்கா. என்ன நம்பர்?”

“ம்ஹும். டேக் நம்பரை வாயால சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். எங்க அமுக்கணும்னு காட்டு, நானே அமுக்குறேன்.”

ஆறு எண். ஒவ்வொன்றாகக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து அமுக்கினாள். ஐந்தாவது எண்ணுக்கு வரும்போது நேரம் முடிந்துவிட்டது.

இரண்டாவது முறை சேலை கேட்டு ஒரு வாடிக்கையாளர் நுழைந்தார். அவருக்கு பதில் சொன்னதில் மூன்றை எட்டாக அமுக்கிவிட்டாள். சிவப்பு எழுத்து வந்தது. இன்னும் ஒரே ஒரு முறை.

“கடை மூடியாச்சு, அரை மணி கழிச்சு வாங்க!” என்று வந்தவரை வெளியே தள்ளி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முத்து பீவி பிஸ்மி சொல்லி உட்கார்ந்தாள். ரமணி மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறாவது எண்ணை அமுக்கிவிட்டு மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

பச்சை வந்தது.

‘நன்றி. இனித் தொடர்புகொள்ள வேண்டிய பெற்றோர் அல்லது பாதுகாவலரின் நம்பரைப் பதிவு செய்யவும்’ என்று கட்டம் திறந்தது.

“அப்பா நம்பரைப் போடு கண்ணு” என்றாள் ரமணி அவசரமாக.

வாணி கேட்டதாகவே தெரியவில்லை. விரல் கடகடவென்று ஓடியது. ரமணி எட்டிப் பார்த்தாள். அது அவளுடைய நம்பர். எங்கும் பார்க்காமல், மனப்பாடமாக.

“அப்பா ரோட்டுல இருக்கும்போது லைன் கிடைக்காது” என்றாள் வாணி, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். கடைசி எண்ணையும் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள். “உங்க நம்பரைத்தான் போட்டிருக்கேன் சித்தி. ரீலோட் பண்ண மறந்துடாதீங்க.”

ரமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். திட்டியிருந்தால்கூட இப்படி அழுதிருக்க மாட்டாள். முத்து பீவி ஒரு புதுக் கைக்குட்டையை அட்டையிலிருந்து உருவிக் கொடுத்தாள்.

வீடு திறந்தது. வாசல், கறிவேப்பிலைச் செடி, நீலச் சமையலறை. இரட்டைப் பின்னல் போட்ட வாணியின் பொம்மை குடுகுடுவென்று சாமி அறைக்கு ஓடியது. அங்கே போனதும் வாணியின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

“சித்தி... விளக்கு எரியுது.”

“என்னது?”

“இருபத்தொரு நாளா நான் ஏத்தல. ஆனா எரியுது. வாசல்ல ஒரு பூனை வேற நிக்குது, இது முன்னாடி இல்ல.” வருகைப் புத்தகத்தைத் திறந்தாள். நேற்று வந்தவர், புனி. முந்தாநாள் வந்தவர், புனி. கீழே கீழே இழுத்தால், இருபது நாளும் புனி.

புனி என்பது, பூட்டாத தன் சொந்தக் கணக்கில் புனிதா வைத்திருந்த பொம்மை. மூன்று வருஷமாக அசையாத பொம்மை.

“யா அல்லாஹ்” என்றாள் முத்து பீவி.

 அந்தப் பொம்மை இருப்பது உலகத்தில் ஒரே ஒரு கைப்பேசியில்தான். அது கமலநாதனின் சட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது. கிடப்பதாகத்தான் ரமணி நினைத்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது முத்து பீவி ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசல்வரை வந்தாள். ரமணிக்கு நன்றி சொல்லச் சொல்ல ஆறவில்லை. தீபாவளிக்குக் கட்டாயம் கிள்ளானுக்கு வர வேண்டும் என்று மூன்று முறை சொல்லிவிட்டாள்.

“அதெல்லாம் வர்றேன்லா. திங்கக்கிழமை மொத வேலையா ஸ்கூல்ல உன் நம்பரைக் குடு.” பிறகு வாணியின் கன்னத்தைத் தட்டினாள். “அப்ப இனிமே எனக்கு மெசேஜ் வராது, இல்ல?”

“ரிசல்ட் வந்தா நானே அனுப்புறேன் ஆன்டி. மொதல்ல சித்தி நம்பரை அன்பிளாக் பண்ணுங்க.”

கிள்ளான் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. சுபாங் தாண்டும்போது கமலநாதன் அழைத்தார்.

“திறந்துச்சா?”

“திறந்துச்சுங்க. எல்லாம் அப்படியே இருக்கு. அந்த அக்கா யாரு தெரியுமா? மார்ச்சுல ஸ்கூலுக்குப் போன் பண்ணாங்களே, அவங்கதாங்க.”

  மறுமுனையில் கமலநாதன் பெருமூச்சு விட்டார்.

“முருகா... கோடி நன்றிலா ரமணி, அவங்களுக்கும் உனக்கும்.” கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “வாணிகிட்டச் சொல்லு, அந்தப் பூனைக்குப் பால் வைக்கணும். நேத்து விளக்கு மட்டும் ஏத்தினேன், பால் வைக்க மறந்துட்டேன்.”

போனை ஒட்டிக் காது வைத்திருந்த வாணி, “அப்பாவா!” என்று கத்தியதில் எதிர் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. லோரியை ஓரங்கட்டி நிறுத்தி, அந்தத் தடித்த விரலால், பிள்ளையின் விளக்கு அணையக் கூடாது என்று இருபது நாளும் ஏற்றியிருக்கிறார் மனுஷன். ரமணிக்கு அவரை அப்போதே பார்க்க வேண்டும்போல இருந்தது.

அடுத்த மூச்சிலேயே இன்னொன்று உறைத்தது. விளக்கேற்ற அந்தக் கைப்பேசியை எடுத்திருக்கிறார். எடுத்தவர், ரீலோட் செய்யச் சொன்ன மெசேஜையும் பார்க்காமலா இருந்திருப்பார்? அவர் திறப்பதற்கு முன்பே திறந்து படிக்கப்பட்ட மெசேஜ். அந்தத் தேதியில் வீட்டில் இருந்தது அவரும், வாணியும், அவளும்தான்.

“என்னங்க... அந்தப் போனு... அதுல ஒரு மெசேஜ்...”



“சிரம்பான் தாண்டிட்டேன் ரமணி” என்றார் கமலநாதன். கோபமா, சாந்தமா, அந்தக் குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. “வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்.”

போன் அணைந்தது. ரமணி அதை மடியில் வைத்துக்கொண்டு, கையைக் கோத்துக்கொண்டாள். வாணி பூனைக்குப் பால் வைத்துவிட்டு, டேப்லெட்டை மூடிப் பையில் போட்டாள். பிறகு நகர்ந்து வந்து, கோத்திருந்த சித்தியின் விரல்களைப் பிரித்து, தன் கையை உள்ளே வைத்தாள்.

“அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் பக்கத்துல இருக்கேன்.”

ஷா ஆலாமில் கதவு திறந்து மூடியது. இன்னும் சில நிறுத்தங்களில் கிள்ளான்.